ஜடேஜாவைக் கொடுத்தது சரியா? அப்படியே சின்னசாமி: ரிப்பேரா, ஆனேக்கலா?

அல்சூர் ஆஃப்சைடு:

ஐ.பி.எல். ஏலம் முடிந்த நாளிலிருந்து எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இரண்டே சண்டைதான் ஓடுகிறது. இங்கே கேட்டால் யாராவது உருப்படியாகப் பதில் சொல்வீர்கள் என்று நம்பிப் போடுகிறேன். (பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சென்னைக்கு விசில் அடிக்கிறாயா என்று ஆரம்பிக்க வேண்டாம், அது பிறவிக் கோளாறு.)

முதலாவது ட்ரேட். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை எடுத்தது சென்னை. சாம்சனுக்கு 18 கோடி. ஜடேஜா 18-லிருந்து 14 கோடிக்கு இறங்கிப் போனார், கரன் 2.4 கோடி. சரி, தோனிக்கு 44 வயது, கீப்பர் வேண்டும், புரிகிறது. ஆனால் அதே கையோடு டிசம்பர் 16 அபுதாபி ஏலத்தில் பிரசாந்த் வீர் என்கிற 20 வயதுப் பையனுக்கு 14.20 கோடி! அவரும் இடதுகைச் சுழல், அவரும் கீழ்வரிசையில் இறங்கி அடிப்பவர். ஜடேஜாவை அனுப்பிவிட்டு, ஜடேஜா விலைக்கே இன்னும் இந்தியாவுக்கு ஆடாத ஒருவரை எடுத்ததில் என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது எங்கள் ஊர் சின்னசாமி ஸ்டேடியம். 2025 ஜூன் 4-ல் பெங்களூர் டீம் ஆர்.சி.பி.யின் கோப்பைக் கொண்டாட்ட நெரிசலில் 11 உயிர் போன பிறகு நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா கமிஷன், இந்த இடம் பெருங்கூட்டத்துக்குப் பாதுகாப்பானதில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டது. அரசு, ஊருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் சூர்யா நகரில் 80,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் வரும் என்கிறது. 2025 டிசம்பரில் கே.எஸ்.சி.ஏ. (கர்நாடக கிரிக்கெட் சங்கம்) தலைவராக வந்தவர் வெங்கடேஷ் பிரசாத், அவர் சின்னசாமியில் ஆடி வளர்ந்தவர். பழையதைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, புதிதாகக் கட்டிக்கொண்டு போய்விடுவதா?

எங்கள் டீமில் அமெரிக்கா போய் வந்த ஒருவர், பேஸ்பாலில் நூறு வருட மைதானத்தையே வைத்து ஆடுகிறார்கள் என்று சொல்கிறார், விவரம் கேட்டால் நழுவுகிறார். பேஸ்பால் பார்க்கிறவர்கள் இங்கே இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

மஞ்சள் துண்டு:

கணக்கெல்லாம் வேண்டாம் பாஸ், தப்பு என்றால் தப்பு.

2023 மே, அகமதாபாத், மழையில் நனைந்து நள்ளிரவைத் தாண்டிய பைனல். கடைசி இரண்டு பந்தில் 10 ரன். மோகித் சர்மா அதுவரை யார்க்கராகப் போட்டு அமுக்கி வைத்திருந்தார். ஜடேஜா நேராக ஒரு சிக்சர், அடுத்தது காலில் வந்ததை ஃபைன் லெக் பக்கம் தட்டி நாலு. தோனி ஜடேஜாவைத் தூக்கிக்கொண்டு நின்றதை எத்தனை பேர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தீர்கள்? 2012-ல் வந்தவர், சென்னை தடையில் இருந்த இரண்டு வருடம் தவிர வேறெங்கும் போகவில்லை, சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்தவரும் அவர்தான். அவரை ஒரு பேரத்தில் தள்ளிவிடலாம் என்றால் நாளைக்கு எந்தப் பையன் இந்த டீமை நம்பி வருவான்?

சாம்சன் நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஏழெட்டு ஆட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஆடுவார், அப்புறம் ஏழெட்டு ஆட்டம் எங்கே என்று தேட வேண்டும். ராஜஸ்தான்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள்.

2022-ல் கேப்டன் பொறுப்பைக் கொடுத்துவிட்டு எட்டு ஆட்டத்தில் திரும்ப வாங்கினார்களே, எனக்கென்னவோ விரிசல் அன்றைக்கே விழுந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. இப்போது நடந்தது கையெழுத்து மட்டும்.

ஸ்டேடியம் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. எங்கே கட்டினாலும் பாதி மஞ்சளாகத்தான் இருக்கும்.

ஃபென்வே பாலு:

பாஸ்டனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது பனஸ்வாடியில் இருக்கிறேன், அந்த ஊர் பேஸ்பால் டீம் ரெட் சாக்ஸ் மேல் பிடித்த நோய் இன்னும் போகவில்லை. இங்கே காலை நாலரைக்கு ஆட்டம் ஆரம்பிக்கும், வீட்டில் திட்டு விழும். கேட்டதற்குப் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மஞ்சள் துண்டு தம்பிக்கு. ஐ.பி.எல். ட்ரேடில் ஆட்டக்காரர் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஜடேஜா சரி என்று சொல்லாமல் அவரை யாரும் ராஜஸ்தானுக்கு அனுப்பியிருக்க முடியாது, அதுவும் நாலு கோடி குறைத்துக்கொண்டு. 2008-ல் ஷேன் வார்னின் கீழ் 19 வயதில் கோப்பை தூக்கிய டீமுக்கே அவர் திரும்பிப் போகிறார். நமக்குத்தான் இழவு வீடு, அவருக்கு அப்படி இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

பேஸ்பாலில் அந்தச் சம்மதமே கிடையாது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தாலொழிய, மேஜர் லீகில் பத்து வருடம் முடித்து அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே டீமில் இருந்தவருக்கு மட்டும்தான் 'முடியாது' என்று சொல்லும் உரிமை. மற்றவர்களைச் சீசன் நடுவிலேயே மாற்றிவிடுவார்கள், ஜூலை கடைசி வரை கெடு. 2015 ஜூலையில் நியூயார்க் மெட்ஸ் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, வில்மர் ஃப்ளோரஸ் என்கிற பையன் ஃபீல்டிங்கில் நிற்கிறான். கூட்டத்தில் போன் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அவனை விற்றாகிவிட்டது என்று செய்தி வந்துவிட்டது, எழுந்து நின்று கை தட்டி வழியனுப்புகிறார்கள். அவனுக்கு டீம் எதுவும் சொல்லவில்லை. பதினாறு வயதில் சேர்ந்த டீம். மைதானத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான், மொத்த அமெரிக்காவும் டிவியில் பார்த்தது. கடைசியில் அந்த ட்ரேட் முறிந்தே போய்விட்டது! இரண்டு நாள் கழித்து பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி) அடித்து அவனே ஆட்டத்தை முடித்து வைத்தான். இதையெல்லாம் பார்த்தவனுக்கு ஐ.பி.எல். ட்ரேட் மிகவும் மரியாதையான காரியமாகத்தான் தெரியும்.

ஆனால் அல்சூர்க்காரர் கேட்ட கணக்குக்கு வருகிறேன். ட்ரேடில் யாரைக் கொடுத்தோம் என்பதைவிட, கிடைத்த இடத்தையும் பணத்தையும் அப்புறம் என்ன செய்தோம் என்பதுதான் முக்கியம். எங்கள் ஆள் மூக்கி பெட்ஸை 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். கூடவே டேவிட் பிரைஸ் என்கிற விலை உயர்ந்த பிட்சரையும் (பந்து வீசுபவர்) தள்ளிவிட்டு, அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்று மூன்று பேரை வாங்கினார்கள். சம்பளச் சுமை குறையும், இளரத்தம் வரும், அதுதான் வாதம். நடந்தது என்ன? டவுன்ஸை 2022 கடைசியில் கழற்றிவிட்டார்கள், வெர்டூகோ அடுத்த வருடம் எங்கள் பரம எதிரி நியூயார்க் யாங்கீஸுக்கே போனார், மிச்சம் வாங் மட்டும். டாட்ஜர்ஸ் 2020, 2024, 2025 என்று மூன்று முறை பேஸ்பால் கோப்பையான உலகத் தொடரை ஜெயித்தது, மூன்றிலும் பெட்ஸ் இருந்தார். இதே ரெட் சாக்ஸ்தான் நூறு வருடம் முன்னால் பேப் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸிடம் விற்று, அடுத்த கோப்பைக்கு 2004 வரை காத்திருந்தது. பட்டும் புத்தி வரவில்லை. 2025 ஜூனில் ராஃபேல் டெவர்ஸையும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்தார்கள்.

அதனால் என் கருத்து: சாம்சனை எடுத்தது சரி. 31 வயது, ஜடேஜாவுக்கு 37. ஓட்டை இருந்த இடம் கீப்பிங்கும் மேல்வரிசையும், அதற்குத் தெரிந்த ஆளை எடுத்தார்கள். பிரசாந்த் வீருக்கு 14.20 கோடிதான் எனக்கு நெருடுகிறது, அங்கேதான் ஜீட்டர் டவுன்ஸ் வாடை அடிக்கிறது. பையன் நன்றாக வரட்டும், ஆனால் அது ஏலத்தின் தப்பு, ட்ரேடின் தப்பில்லை.

இப்போது மைதானம். ரெட் சாக்ஸ் ஆடும் ஃபென்வே பார்க் திறந்தது 1912 ஏப்ரல் 20. அதே நாளில் டெட்ராய்ட்டிலும் ஒரு மைதானம் திறந்தது, பின்னாளில் டைகர் ஸ்டேடியம் என்று பெயர் மாறியது. டெட்ராய்ட்காரர்கள் 1999-ல் கடைசி ஆட்டம் ஆடிவிட்டுப் புது இடம் போனார்கள், பழையதை 2009-ல் இடித்து முடித்தார்கள். ஃபென்வேக்கும் 1999-ல் அதே தலைவிதிதான் எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே புதிது கட்டுகிறோம், பழையதில் கொஞ்சம் மட்டும் நினைவுக்கு வைத்துக்கொள்கிறோம் என்று படம் வரைந்து காட்டினார்கள். ரசிகர்கள் குழு அமைத்துச் சண்டை போட்டார்கள், திட்டத்துக்குப் பணமும் கூடி வரவில்லை. 2002-ல் ஜான் ஹென்றி குழு டீமை வாங்கியது. ஜேனட் மேரி ஸ்மித் என்கிற கட்டடக்கலை நிபுணரைக் கூட்டிவந்து, இடிக்காமல் முடியுமா பாருங்கள் என்றார்கள்.

அந்த அம்மா செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு துண்டு. சீசன் முடிந்ததும் ஒரு பக்கத்தைத் திறப்பார்கள், ஏப்ரலில் ஆட்டத்துக்குத் தயார். பத்துக் குளிர்காலம், 28 கோடி டாலருக்கு மேல் செலவு, ஒரு சீசன்கூட வெளியே போய் ஆடவில்லை. இடது பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர் இருக்கிறது, கிரீன் மான்ஸ்டர் என்பார்கள். அதன் உச்சியில் 2003-ல் சீட் போட்டார்கள், இன்றைக்கும் அதற்குத்தான் அடிதடி. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் எது தெரியுமா? பக்கத்துத் தெரு. மைதானத்துக்குள் நடக்கவே இடம் இல்லை, சுவரைத் தள்ளிக் கட்டவும் வழி இல்லை. ஆட்ட நாளில் வாசல் தெருவையே இரண்டு பக்கமும் மூடி, டிக்கெட் சோதனையைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தெரு மைதானத்துக்குள் வந்துவிட்டது! தின்பண்டக் கடை, கூட்டம், வரிசை எல்லாம் அங்கே. ஆட்டம் முடிந்ததும் மறுபடி தெரு.

குறை இல்லாமல் இல்லை. 1934-ல் போட்ட மரச்சீட்டுகள் இன்னும் இருக்கின்றன, என் முட்டி முன் சீட்டில் இடிக்கும். சில இடத்தில் தூண் மறைக்கும், பிட்சரைப் பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முழு விலை!

கான்கிரீட் கோமதி:

பாலு சார் எழுதியதை ரசித்துப் படித்தேன், ஆனால் பாஸ்டன் படத்தை அப்படியே கப்பன் பார்க் பக்கத்துச் சின்னசாமி மேல் ஒட்ட முடியாது. நான் சிவில் எஞ்சினியர், பழைய கட்டடங்களுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. (சின்னசாமிக்கும் எனக்கும் தொழில் தொடர்பு ஏதும் இல்லை.)

ஸ்டேடியம் பழசாகிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எது பழசு என்று யாரும் பிரித்துப் பேசுவதில்லை. கான்கிரீட் பழசா, வழி பழசா?

கான்கிரீட் பழசு என்றால் அது பெரிய விஷயமே இல்லை. ஒரு சின்னத் துண்டைக் குடைந்து எடுத்து ஃபினால்ஃப்தலீன் என்கிற ரசாயனத்தைத் தெளித்துப் பார்ப்போம், நல்ல கான்கிரீட் பளிச்சென்று பிங்க் ஆகும், காற்று உள்ளே போய்க் காரத்தன்மை போன இடம் நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை எட்டியிருந்தால் கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும். துரு ஊதும், காரை பெயர்ந்து விழும். 2004-ல் சிகாகோவில் ரிக்லி ஃபீல்டில் மேல்தளத்திலிருந்து கான்கிரீட் துண்டுகள் விழுந்தன, உடனே கீழே வலை கட்டிவிட்டு அதற்கப்புறம்தான் ஆட விட்டார்கள். 1914-ல் திறந்த மைதானம் அது. அதையே சரிசெய்து இன்றைக்கும் ஆடுகிறார்கள். பெயர்த்து, கம்பியைச் சுத்தம் செய்து, தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் ஜாக்கெட் போட்டு, நீர் இறங்காமல் பூசினால் இன்னும் முப்பது வருடம் ஓட்டலாம். செலவு ஆகும், அவ்வளவுதான்.

வழி பழசு என்றால் அது வேறு கதை. பிரிட்டனில் கிரீன் கைடு என்று ஒரு வழிகாட்டி உண்டு. 1971-ல் கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து இறங்கும்போது ஒரே படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்த பிறகு வந்தது. அதில் உள்ள கணக்கு எளிமையானது: சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் போகலாம், அதற்கு மேல் நினைக்காதே. அதிகபட்சம் எட்டு நிமிடத்தில் எல்லாரும் வெளியே போயிருக்க வேண்டும்.

சின்னசாமிக்குச் சுமார் 35,000 பேர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். சமதரை என்றே எடுத்தாலும் 53 மீட்டர் அகலம் வேண்டும், படிக்கட்டு வழி என்றால் 66 மீட்டர். எல்லாக் கதவும் திறந்திருந்தால்தான் இந்தக் கணக்கும், ஒரு ஷட்டர் பூட்டிக் கிடந்தாலும் போச்சு. உள்ளே வருவதற்கும் கணக்கு உண்டு. ஒரு சுழல்வாசலில் மணிக்கு 660 பேருக்கு மேல் எடுத்துக்கொள்ளாதே என்கிறது அதே புத்தகம். ஒரு மணி நேரத்தில் 35,000 பேர் என்றால் 53 வாசல். நம் ஊரில் பையைப் பார்த்து, பாக்கெட்டைத் தடவி, பவர் பேங்கைப் பிடுங்கி வைத்து அனுப்புகிறோம், அதில் பாதி வேகம் வந்தாலே அதிசயம்.

வாசலில் இந்த வேகத்துக்கு மேல் கூட்டம் வந்தால் எங்கே நிற்கும்? நடைபாதையில். அதற்கப்புறம் ரோட்டில். டி'குன்ஹா கமிஷன் சொன்னதும் இதைத்தான், வாசல்கள் நேரே நடைபாதையில் திறக்கின்றன, வரிசை நிற்க இடம் இல்லை. 2017-ல் தரைக்கு அடியில் காற்றை உறிஞ்சும் குழாய்கள் போட்டு மழைத் தண்ணீர் மளமளவென்று வெளியேற வழி செய்தார்கள், நல்ல வேலை, நானே போய் வாய் பிளந்து பார்த்தேன். மனிதர்கள் வெளியேறும் வழிக்கு அந்த அக்கறை வந்திருந்தால் தேவலை.

அதனால் என் பதில்: சரிசெய்யலாம், ஆனால் கூரையும் கண்ணாடிப் பெட்டி சீட்டும் கடைசியில். முதலில் வாசல். அதற்காக ஐயாயிரம் சீட்டைக் குறைக்க வேண்டும் என்றால் குறைக்கட்டும். இதற்கு யாராவது ஒத்துக்கொள்வார்களா என்பதுதான் என் சந்தேகம், விற்கிற சீட்டைக் குறைத்து வாசலை அகலமாக்கிய சங்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஆனேக்கலில் நூறு ஏக்கர் கிடக்கிறது. வாசலை வேண்டிய அகலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வரிசைக்கு மைதானம் அளவுக்கு இன்னொரு மைதானம் விடுங்கள். ஓசூரிலிருந்து அரை மணி நேரம். தமிழ்நாட்டுக் கூட்டம் வந்துபோக இதைவிட வசதி ஏது? ஆர்.சி.பி. ஆடினாலும் பாதிப் பேர் ஓசூர்க்காரர்களாக இருப்போம், அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோவும் வந்துவிட்டது, மஞ்சள் துண்டு கவனிக்கவும்.

ராமமூர்த்தி நகர் ரெட்:

செக்போஸ்ட் அண்ணா, மஞ்சள் லைன் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. எம்.ஜி. ரோட்டிலிருந்து கிளம்பினால் மெஜஸ்டிக்கில் ஒரு மாற்றம், ஆர்.வி. ரோட்டில் ஒரு மாற்றம், இறங்கினதும் ஆட்டோவோடு பேரம். ஆட்டம் பதினொன்றரைக்கு முடியும். 80,000 பேர் அந்த நேரத்தில் ஓசூர் ரோட்டில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், அழுதுவிடுவார்கள். கப்பன் பார்க் ஸ்டேஷன் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. தனியாக ஆட்டம் பார்க்கப் போகிற பெண்ணுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

நான் ஆர்.சி.பி., தமிழச்சி, இரண்டு பக்கமும் திட்டு வாங்கிப் பழகிவிட்டது. ஜூன் 3 ராத்திரி பஞ்சாபை ஆறு ரன்னில் ஜெயித்து, பதினெட்டு வருடக் கிண்டலுக்கு ஒரு முடிவு வந்தது என்று அழுதேன். மறுநாள் நடந்ததைப் பற்றி எழுத வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பெண்கள் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம் இங்கேதான் நடப்பதாக இருந்தது, அரையிறுதியும் இங்கே. நெரிசலுக்குப் பிறகு அந்த ஆட்டங்கள் வேறு ஊருக்குப் போனது எல்லாருக்கும் ஒரு வரிச் செய்தி. நவம்பர் 2-ல் நவி மும்பை டி.ஒய். பாட்டில் ஸ்டேடியத்தில் ஹர்மன்பிரீத் கோப்பையைத் தூக்கும்போது, நம் ஊரில் ஒரு ஆட்டமாவது பார்த்திருப்போமே என்று நானும் என் தங்கையும் சோபாவில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தோம். அதனால் கோமதி அக்கா சொல்கிற 53 மீட்டர் யார் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம், ஐயாயிரம் சீட்டில் என் சீட்டு போனாலும் சரி.

ட்ரேட் பற்றி: மும்பைக்காரர்கள் 2023-ல் ஹர்திக்கைப் பணம் கொடுத்துத் திரும்பக் கூட்டிவந்தார்கள். பர்சில் (ஏலத்துக்கான பணத்தில்) இடம் வேண்டி கேமரூன் கிரீனை 17.5 கோடிக்கு எங்கள் தலையில் கட்டினார்கள். ரோகித்தை மாற்றி ஹர்திக் கேப்டன். வான்கடேயில் சொந்த ரசிகர்களே கூவினார்கள், 2024 சீசனில் கடைசி இடம். அடுத்த வருடம் அதே கூட்டம் அதே ஹர்திக்குக்குக் கை தட்டியது. சேப்பாக்கத்தில் சாம்சன் இரண்டு அரைசதம் அடிக்கட்டும், ஜடேஜா யார் என்று கேட்பீர்கள்.

மஞ்சள் துண்டு:

வாயைக் கழுவுங்கள்.

மர்பி டவுன் பெரியவர்:

என் வயதை வைத்து இந்தத் தம்பிகள், 'இடிக்காதே' என்று ஒப்பாரி வைப்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். 1974 நவம்பரில் இங்கே நடந்த முதல் டெஸ்ட்டுக்கு அப்பாவோடு போனவன் நான். ஸ்டேடியம் முழுதாகக் கட்டி முடியவில்லை. வெஸ்ட் இண்டீஸுக்கு கிரீனிட்ஜ், ரிச்சர்ட்ஸ் என்று இரண்டு புதுப் பையன்கள், இரண்டு பேருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். கிரீனிட்ஜ் இரண்டாம் இன்னிங்ஸில் நூறு அடித்தார். ரிச்சர்ட்ஸை இரண்டு இன்னிங்ஸிலும் சந்திரசேகர் சொற்பத்தில் எடுத்தார், இவன் தேறமாட்டான் என்று பக்கத்தில் இருந்தவர் தீர்ப்புச் சொன்னார்.

1996-ல் பாகிஸ்தானோடு கால் இறுதிக்காகத்தான் விளக்குக் கம்பங்கள் வந்தன. சோகைல் நாலு அடித்துவிட்டு பேட்டை நீட்டிக் காட்டியதும் அடுத்த பந்தில் பிரசாத் குச்சியைப் பறக்கவிட்டதும் உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அதே பிரசாத் கையில்தான் இப்போது சாவி.

ஆனால் இந்த நினைவெல்லாம் இடத்தின் மேல்தான், சிமெண்ட் மேல் இல்லை. பெவிலியனை நாளைக்கே இடித்துவிட்டு வேறு கட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. சேப்பாக்கத்தில் அதைத்தானே செய்தார்கள்? 1916-லிருந்து இருக்கிற இடம். 2011 உலகக் கோப்பைக்காகப் புதிதாகக் கட்டிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளுக்கு அனுமதிச் சிக்கல், 2012-ல் பூட்டு. பன்னிரண்டாயிரம் சீட் பத்து வருடத்துக்கு மேல் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது, டிவியில் பார்த்தால் பொக்கை வாய் மாதிரி இருக்கும். பழைய அண்ணா பெவிலியனை இடித்துப் புது ஸ்டாண்டு கட்டி, 2023 மார்ச்சில் ஒருவழியாக எல்லாம் திறந்தது. மைதானம் அதே இடத்தில்தான் இருக்கிறது, எதிரே கடல் அப்படியே இருக்கிறது, யாரும் அழவில்லை. ஆனால் அனுமதியை முதலில் வாங்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பத்து வருடம் போதும்.

கோமதி அம்மாவுக்கு ஒரு கேள்வி. பாலு தம்பி சொல்கிற மாதிரித் தெருவை மூடுவதென்றால் இங்கே எதை மூடுவது? குயின்ஸ் ரோட்டை மூடினால் சிவாஜிநகர், கன்டோன்மென்ட் எல்லாம் நின்றுவிடும். பவுரிங் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?

கான்கிரீட் கோமதி:

சரியான கேள்வி ஐயா. குயின்ஸ் ரோட்டைத் தொடக்கூடாது. எம்.ஜி. ரோட்டையும் கப்பன் ரோட்டையும் இணைக்கும் சின்ன லிங்க் ரோடு மைதானத்தை ஒட்டியே ஓடுகிறது, ஃபென்வே வேலைக்கு அது ஒன்றுதான் பொருந்தும். அதை ஆட்ட நாளில் காலையிலிருந்தே மூடி, டிக்கெட்டும் பையும் இரண்டு முனைகளிலேயே பார்த்துவிட்டால், மைதான வாசலில் நிற்பது டிக்கெட் உள்ளவர்கள் மட்டும்தான். கப்பன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மானெக்‌ஷா பரேடு கிரவுண்ட் இருக்கிறது, ராணுவ இடம், கேட்டுப் பார்க்கலாம், கொடுப்பார்கள் என்று நான் திட்டம் போடமாட்டேன்.

ஆனால் இது போதாது. குயின்ஸ் ரோட்டுப் பக்கம் வாசல்களை உள்ளே தள்ளி வைக்க வேண்டும். சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் உள்ளே போனால் வரிசை நடைபாதைக்கு வராது. அதற்கு அங்கே தரைத்தளத்தில் இருக்கிற அறைகள், கடைகள், ஆபீஸ் எல்லாம் காலி ஆக வேண்டும். சண்டை அங்கேதான் வரும், கான்கிரீட்டில் இல்லை.

அல்சூர் ஆஃப்சைடு:

எல்லாருக்கும் நன்றி. கோமதி அக்கா, பாலு சார் சொன்ன மாதிரி சீசனுக்குச் சீசன் துண்டு துண்டாகச் செய்ய முடியுமா, இல்லை இரண்டு வருடம் மொத்தமாக மூட வேண்டுமா? மூடினால் ஆர்.சி.பி.யை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஃபென்வே பாலு:

கோமதி வருவதற்குள் நான் ஒன்று. பாஸ்டனில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதம் மைதானம் சும்மா இருக்கும், பனியில் வேறென்ன செய்வது. அந்த வசதி இங்கே இல்லை. ஐ.பி.எல். முடிந்தால் மழை, மழை விட்டால் ரஞ்சி, நடுவில் டெஸ்டோ ஒருநாளோ வரும். ரஞ்சியை ஆலூர் பக்கம் மாற்றிக்கொள்ளலாம், கே.எஸ்.சி.ஏ.வுக்கு அங்கே மைதானங்கள் இருக்கின்றன.

அப்புறம் மஞ்சள் துண்டு தம்பி, ஜடேஜா ராஜஸ்தான் சட்டையில் சேப்பாக்கம் வரும்போது எழுந்து நின்று கை தட்டுங்கள். பெட்ஸ் 2023-ல் டாட்ஜர்ஸ் சட்டையில் ஃபென்வேக்கு வந்தபோது நாங்கள் தட்டினோம். அந்தத் தொடரில் எங்களைப் போட்டுச் சாத்தினார், அது வேறு விஷயம்.

கான்கிரீட் கோமதி:

துண்டு துண்டாக முடியும். ஜூன் முதல் நாளே உள்ளே இறங்க வேண்டும். பூச்சும் ஜாக்கெட்டும் மழையில் இழுக்கும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெங்களூர் மழையை நம்பித் தேதி கொடுக்க முடியாது. ஆனால் முதல் வருட வேலை பூச்சு இல்லையே: உள்சுவரை உடைப்பது, வாசலைத் தள்ளுவது, படிக்கட்டுக்கு நடுவே கைப்பிடி போடுவது, எல்லாக் கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது. இது நாலு மாத வேலை, மூட வேண்டியதே இல்லை. இரண்டாவது வருடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்டாண்டாக எடுத்துக்கொள்ளலாம், அந்த ஸ்டாண்டு மட்டும் அந்த சீசனில் காலியாக இருக்கும்.

இரண்டு வருடம் மொத்தமாக மூட வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் ஒவ்வொரு வாசலின் அகலத்தையும் அளந்து போட்ட வரைபடத்தைக் கேளுங்கள். அது இல்லாமல் அழகான கூரைப் படத்தோடு வந்தால் டிக்கெட் விலை ஏறப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.